மறு உத்தரவு வரும் வரை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். உண்ணி மொய்க்கும்வரை நாயை விட்டுவைத்துக் கூட்டி வருகிறவர்கள், பூனைக்கு மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள், எல்லோரும் என் அறை வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றுதான் உள்ளே வருவார்கள். "ஊசிக்குக்கூட யாரும் இப்படிப் பயப்படறதில்ல டாக்டர். உங்க வாய்க்குத்தான்" என்பார் என் உதவியாளர் அக்கா. இருபது வருடமாக என்னோடு இருக்கிறவர், அவருக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். வாயில்லாத பிராணிக்காக நான் வாய் திறக்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை வைத்துக்கொண்டே கால்நடை மருத்துவராக இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டேன்.

நான் ஒரு சொல்கூடத் திட்டாத ஆள் ஒருவர் இருந்தார். மருந்துக்கடைக்காரர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாய்க்கு நகம் வெட்ட வருவார். நாயை வெள்ளைத் துண்டில் சுற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். குளிப்பாட்டி, காது துடைத்து, கண்ணோரம் ஒரு பீளை இல்லாமல் இருக்கும். மேசையில் வைத்தால் அது பாட்டுக்குத் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும். அவர் அதைத் 'தம்பி' என்று கூப்பிடுவார். எங்கள் அக்கா 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார். "மாப்பிள்ளை வந்தாச்சு டாக்டர், தட்டு எடுத்து வைக்கவா?" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு, மொத்தம் பதினெட்டு நகம். ஒவ்வொன்றும் வளைந்து பாதத்தைத் தொடப்போகும். நான் பத்து நிமிடத்தில் சொட்டு ரத்தம் வராமல் வெட்டிவிடுவேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பாதத்தைத் தொட்டால் பஞ்சாக இருக்கும். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க" என்று பாராட்டியிருக்கிறேன். பின்தொடை இரண்டும் ஒல்லியாக இருக்கும். அட்டையில் 'சிறிய உடல்வாகு' என்று எழுதியிருக்கிறேன். போதாததற்கு அவரையும் நாயையும் படம் எடுத்து, 'இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று கீழே எழுதி, வெளியறைச் சுவரில் மாட்டிவைத்தேன். யாரையாவது கடித்துக் குதறும்போது அந்தப் படத்தைத்தான் கை நீட்டிக் காட்டுவேன்.

வெளியே தரையில் நடக்கிற நாய்க்கு நகம் தானே தேயும். முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம். நாலு வருடத்தில் முப்பது தடவைக்கு மேல் அந்த நகங்களை வெட்டியிருக்கிறேன், ஏன் இப்படி வளர்கிறது என்று ஒரு தடவை கேட்டதில்லை. இதை எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

எங்கள் சங்கத்திலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. வருகிற ஒவ்வொரு பிராணியைப் பற்றியும் ஐந்து கேள்வி கேட்டு எழுத வேண்டுமாம். என்ன சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது, வெளியே எவ்வளவு நேரம் நடக்கிறது, எங்காவது வலி இருக்கிறதா, கூட விளையாட யார். கடைசியில், 'ஆலோசனை சொல்லப்பட்டதா' என்று ஒரு கட்டம். "முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும், இதுக்கு ஒரு தாளா?" என்று ஒதுக்கிவிட்டேன். மாசக்கடைசியில் எல்லாவற்றிலும் 'நன்று' என்று நானே கிறுக்கி அனுப்பிவிடுவேன். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மருந்துக்கடைக்காரர் வந்திருந்தபோது, தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார்.

"நீங்க நகத்த வெட்டுங்க டாக்டர். நான் பாட்டுக்குக் கேட்டு எழுதிக்கறேன். மாப்பிள்ளை என்னங்க சாப்பிடுது?"

அவர் காலை இத்தனை கிராம், மாலை இத்தனை கிராம் என்று சொன்னார்.

"எங்க தூங்குது?"

"எங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே. தனியா மெத்தை தைச்சு வச்சிருக்கேன்."

"ஒரு நாளைக்கு வெளிய எவ்வளவு நேரம் நடக்குது?"

"நடக்கறதில்லீங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "சரி, வாரத்துல ஒரு நாள்?"

"வெளிய விடறதில்லீங்க. இங்க தூக்கிட்டு வர்றது மட்டும்தான். மத்ததெல்லாம் பால்கனியிலயே தட்டு வச்சுப் பழக்கிட்டேன்."

நான் பதினோராவது நகத்தை வெட்டி முடித்திருந்தேன். கத்தரியை மேசையில் வைத்தேன். அறைக்கதவு எப்போதும்போலத் திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்.

"நாலு வருஷமாவா?" என்றேன். "நாலு வருஷமா ஒரு நாய மண்ணுல கால் வைக்க விடாம வச்சிருக்கீங்களா? இது நாயா, அலமாரியில வைக்கற பொம்மையா? தொடையப் பாருங்க, சதையே இல்ல. குளிப்பாட்டிப் பவுடர் போட்டுட்டா வளர்க்கறதுன்னு அர்த்தமா? படிச்ச மனுஷன்தானே நீங்க? யாரைக் கேட்டு இப்படி உள்ளயே பூட்டி வச்சீங்க?"

வெளியறையில் பேச்சுச் சத்தம் நின்றுபோனது. அவர் நாயின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

"உங்களைக் கேட்டுத்தான் டாக்டர்" என்றார்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று கடையில் சொல்வாரே, அந்தக் குரல்தான். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். முதல் நாளிலிருந்து நான் எழுதிக்கொடுத்த ஒவ்வொரு சீட்டும் தேதிவாரியாகப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. முதல் சீட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். என் கையெழுத்து. 'மறு உத்தரவு வரும் வரை வெளியே விடவே கூடாது.' கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருந்தேன்.

"தடுப்பூசியெல்லாம் முடிஞ்சதும் கேட்டேன் டாக்டர், இனிமே எப்படின்னு. இப்போது போலவே தொடரவும்னு எழுதிக் குடுத்தீங்க. இதோ இருக்கு. ஒரு வயசு ஆனப்ப மறுபடி கேட்டேன். அப்பவும் அதேதான் எழுதினீங்க."

எழுதியிருந்தேன். நாய் பளபளவென்று இருந்தது, வெளியே கூட்டம் நின்றது, எழுதினேன். அவர் எதைக் கேட்கிறார் என்று காதில் வாங்கியதாகவே ஞாபகம் இல்லை.

"மத்த நாயெல்லாம் தெருவுல நடக்குதே, பாக்கலையா நீங்க?" என்று கேட்டேன். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்த பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தேன். அவங்க டாக்டர் அவங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். தம்பிக்கு விடக்கூடாதுன்னா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும். கடையில நாங்க அப்படித்தாங்க. டாக்டர் எழுதினத நாங்களா மாத்தக்கூடாது. நிறுத்துன்னு எழுதற வரைக்கும் குடுத்துக்கிட்டே இருக்கணும்." ஃபைலை மூடிக்கொண்டே, "அதுவும் மொதக் குட்டி அப்படிப் போனதுக்கு அப்புறம்" என்றார்.

முதல் குட்டியை நான் மறந்தே போயிருந்தேன். அவர் சொன்னதும் ஞாபகம் வந்தது. அஞ்சு வருடம் இருக்கும். அவரும் அவர் மனைவியும் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். வாங்கி மூன்றே நாள். ஒரே வாந்தி, ரத்தமாய்ப் போய்க்கொண்டிருந்தது. குட்டிகளை வாரிக்கொண்டு போகிற பார்வோ நோய். மேசைமேலேயே உயிர் போனது. முந்தின நாள் சாயங்காலம் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு கீழே போய்க் கொஞ்ச நேரம் புல்லில் விட்டிருக்கிறார். அதைச் சொன்னதும்தான் நான் பிடித்துக்கொண்டேன். "யாரைக் கேட்டு வெளிய தூக்கிட்டுப் போனீங்க?" என்று இதே மேசைக்கு முன்னால் அந்த அம்மாவை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு அவர் என் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததே இல்லை. ஏழெட்டு மாதம் கழித்து இந்தக் குட்டியோடு கடைக்காரர் மட்டும் வந்தார். அந்த ஞாபகத்தில்தான் இரண்டு கோடு இழுத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "தடுப்பூசி முடியற வரைக்கும்னுதான் அதுக்கு அர்த்தம். அது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். என் தப்புதான்."

"எனக்குத் தெரியலீங்க" என்றார் அவர். பிறகு, "எப்பச் சொல்லியிருக்கணும் டாக்டர்?"

"பதினெட்டாவது வாரத்துல."

"நாலு மாசத்துல" என்று நாயைப் பார்த்துச் சொன்னார்.

மீதி ஏழு நகம் இருந்தது. வெட்டட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. துண்டைச் சுற்றி நாயைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனார். பெஞ்சில் பூனைக்கூடையோடு இருந்த ஒரு பெண்மணி அவர் காதில் விழும்படியே, "பாக்க சாதுவா இருக்காரு, இப்படியும் இருக்காங்க பாருங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர், "டாக்டர் நல்லாக் கேட்டாங்க" என்றார். கதவோரம் வந்து நின்ற எனக்கு இரண்டும் கேட்டது. தப்பு என்னுடையது, அவருடையது இல்லை. இந்த நாலைந்து வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். அவர் வெளிக்கதவைத் தாண்டாமல் செருப்பு மாட்டிக்கொண்டுதான் இருந்தார். எதிர்ச்சுவரில் அவர் படமும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அடுத்தது யாரு?" என்றேன்.

மத்தியானம் அக்கா அந்தத் தாளை என்முன் கொண்டுவந்து வைத்தார். "கடைசிக் கட்டம் பாக்கி இருக்கு. ஆலோசனை சொல்லப்பட்டதான்னு."

"சொன்னேனே."

"மொத சொன்னது வாசல் வரைக்கும் கேட்டுச்சு டாக்டர். ரெண்டாவதா என்னமோ சொன்னீங்களே, அது பக்கத்துல நின்ன எனக்கே சரியாக் கேக்கல. எதை எழுத?"

நான் அடுத்த அட்டையை எடுத்துப் புரட்டினேன். அவரும் எழுதாமல் தாளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். இருபது வருடத்தில் அவர் என்னைக் கேலி பண்ணாமல் பேசியது அன்றுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியை அக்காவிடம் விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதுதானே, அதற்குத்தானே போனேன். எதிர்ப்பக்கம் ஒரு கடை நிழலில் நின்றுகொண்டு கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்தேன். நாலு பேர் முன்னால் ஒருவரைக் கிழித்தெறியத் தெரிந்தவளுக்கு நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கக் கால் நகரவில்லை. கடைசி ஆளும் போன பிறகு, திருடிபோலத் தெருவைக் கடந்தேன்.

"வாங்க டாக்டர்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நேற்று ஒன்றும் நடக்காததுபோல.

"தப்பு என்னோடதுன்னு நேத்து பெஞ்சுல இருந்தவங்க முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கங்க. தம்பியை வெளிய விடலாம். இன்னைக்கே விடலாம்."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடி மேசையைத் துடைத்தார். "எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. 'தினமும் வெளியே நடக்க விடலாம்' என்று எழுதி நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எவ்வளவு நேரம்னு போடலீங்களே. எத்தன நாளைக்குன்னும் இல்ல."

மறுபடி எழுதினேன். முதல் வாரம் காலை மாலை பத்துப் பத்து நிமிடம், புல்லிலும் மண்ணிலும் மட்டும், சூடான தரையில் வேண்டாம். பிறகு மெல்ல மெல்லக் கூட்டவும். ஆயுள் முழுவதும். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு சீட்டை இவ்வளவு முழுசாக நான் எழுதியதில்லை. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கடையைப் பூட்டினார். கூடவே போனேன். பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடி வீடு. "நீங்க கீழ இருங்க டாக்டர்" என்று அவர் மட்டும் மேலே போய், நாயைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். கட்டடத்துக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு ஓரமாக, கொஞ்சம் மண்ணும் புல்லும் இருந்தது. குனிந்து துண்டை விலக்கி அதை இறக்கிவிட்டார்.

நாய் நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது. அதை வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கியது. புல் காலில் குத்துவது அதற்குப் புதிது. பின்வாங்கி வந்து அவர் செருப்புமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தது.

"போடா தம்பி" என்றார். அது அசையவில்லை. அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்கடா. போ."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அழ எனக்கு என்ன யோக்கியதை என்றும் வந்தது. திரும்பிப் பார்த்தபோது அது இரண்டு எட்டு வைத்து ஒரு புல் கொத்தில் மூக்கை விட்டிருந்தது. வெகு நேரம் அந்த ஒரே கொத்தைத்தான் முகர்ந்துகொண்டிருந்தது. பின்கால் இரண்டும் நடுங்கின. வெட்டாமல் விட்ட ஏழு நகமும் மண்ணில் கோடு போட்டிருந்தன.

"ஒண்ணு கேக்கலாமா டாக்டர்?" என்றார் அவர், நாயைப் பார்த்துக்கொண்டே. "ராத்திரி தூக்கமே வரல. பழசெல்லாம் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு கிருமி உள்ள போனா வெளிய தெரியறதுக்கு இத்தன நாள்னு ஒரு கணக்கு இருக்கில்ல. அந்த மொதக் குட்டிய அவ கீழ தூக்கிட்டு வந்தது முந்தின நாள் சாயங்காலம். இந்த எடத்துக்குத்தான். மறுநாள் காலையில வாந்தி. ஒரே ராத்திரியில அந்த நோய் வருமா?"

வரும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"வராது" என்றேன். "குறைஞ்சது நாலஞ்சு நாள் ஆகும். நீங்க வாங்கின எடத்துலயே அதுக்கு வந்திருக்கணும். கையில வாங்கும்போதே உள்ள நோய் இருந்திருக்கு."

"அப்ப, அவ கீழ தூக்கிட்டு வந்ததுனால இல்ல."

"இல்ல."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் டாக்டர்?"

"அன்னைக்கே தெரியும்" என்றேன். "தெரிஞ்ச விஷயம்தான். குட்டி செத்துப்போச்சேன்னு ஒரு ஆத்திரம். எதிர்ல அவங்க நின்னாங்க. திட்டிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நாலு வருஷமா அவ வாசலைத் தாண்டி இவனைத் தூக்கினதில்ல டாக்டர். தூக்க நான் விட்டதில்ல. நான் இவனை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்போது பக்கத்துல வந்தாலே, நீ தொடாதன்னு சொல்லிடுவேன். ஒருத்தன போக்கினது போதும்னுகூட ஒரு தடவை சொல்லியிருக்கேன். அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. டாக்டரே சொல்லிட்டாங்கன்னு அவளும் நம்பிட்டா." அண்ணாந்து மாடியைப் பார்த்தார். "மேலதான் இருக்கா. நீங்களே சொல்லிடுங்களேன். நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பா."

"நீங்களும் வர்றீங்களா?"

"இவன் இன்னும் அஞ்சு நிமிஷம் நடக்கணும்" என்றார். "எழுதியிருக்கீங்க."

நான் மட்டும் படியேறினேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உங்கமேல தப்பே இல்லம்மா. அன்னைக்கு நான் சொன்னது பொய். இந்த இரண்டில் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று பிடிபடவில்லை. மூன்றாவது மாடியில் மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓரடி பின்னால் போனார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான் வெளிய கொண்டுபோகல டாக்டர். அவர்தான் தூக்கிட்டுப் போனாரு. நான் தொடவே இல்லீங்க."